இரவு பதினோரு மணிக்கு வரும் வாய்ஸ் மெசேஜ்

கேள்வி:

மேடம், தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் ஐந்து வருடமாகத் தனியாக கவுன்சலிங் சென்டர் நடத்துகிறேன். எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்து, சென்னையில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்தேன். ஊரில் என்னைத் தவிர வேறு கவுன்சலர் கிடையாது.

ஒரு வருடமாக ஒரு பெண் என்னிடம் வருகிறார். கணவர் வளைகுடாவில். இவர் மாமியார் வீட்டில். வந்த புதிதில் சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. இப்போது இல்லை என்கிறார். ஆனால் இரவு பதினோரு மணிக்கு மேல் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். நானும் பதில் போடுவேன், போடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஃபீஸைக் குறைத்தேன், பிறகு வாங்குவதையே நிறுத்திவிட்டேன். அடுத்த மாதம் அவர் தம்பிக்குக் கல்யாணம். பத்திரிகை வைத்துவிட்டு, "அக்கா, நீங்க வரலைன்னா எனக்குன்னு அங்க யாரு இருக்கா?" என்று கேட்கிறார்.

என்ன செய்வதென்று தெரியாமல், கவுன்சலர்கள் இருநூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் பெயர் போடாமல் கேட்டேன். பத்து நிமிடத்தில் ஒருவர் எனக்குத் தனியாக, "இது இன்ன தெருப் பொண்ணுதானே?" என்று அனுப்பினார். பதறிப்போய் அழித்துவிட்டேன். அதிலிருந்து யாரிடமும் எதுவும் பேசுவதில்லை. கணவரிடம் மட்டும் பெயர் சொல்லாமல் கொஞ்சம் புலம்புவேன். ஒரு கேஸைப் பற்றி இன்னொருவரிடம் பேசுவதே தவறா? எல்லை வகுக்கத் தெரியாத எனக்கு இந்தத் தொழில் சரிவருமா?

பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களையும் அந்தப் பெண்ணையும் அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றித்தான் உங்கள் கடிதத்தை மேலே சுருக்கித் தந்திருக்கிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழில் உங்களுக்குச் சரிவரும். தப்பு எங்கேயோ நடக்கிறது என்று யாரும் சொல்லாமலே உங்களுக்குப் பட்டிருக்கிறது. நான்கு பக்கம் கைப்பட எழுதித் தபாலில் அனுப்பியிருக்கிறீர்கள். ஐந்து வருடமாக மற்றவர்கள் மனசில் இருப்பதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, இறக்கி வைக்க ஓர் இடம் இல்லாமல் இருந்திருக்கிறீர்கள். இரவு மெசேஜ், ஃபீஸ், கல்யாணப் பத்திரிகை மூன்றையும் தனித்தனிப் பிரச்சினையாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரிகிறது. இன்னொரு கவுன்சலரிடம் எதைச் சொல்லக் கூசுகிறோமோ, அந்த இடத்தில்தான் நம் எல்லை நழுவிக்கொண்டிருக்கும். உங்களுக்குச் சொல்வதற்கு ஆளே இல்லாமல் போனதால், நழுவியது எப்போது என்றுகூடத் தெரியவில்லை.

இது எனக்கும் நடந்திருக்கிறது. தனியாக பிராக்டிஸ் தொடங்கி மூன்றாவது வருடம். ஓர் அம்மா வருவார், ஓய்வு பெற்ற ஆசிரியை, கணவரை இழந்தவர். (அவரிடம் கேட்டுக்கொண்டு, விவரங்களை மாற்றித்தான் இதைச் சொல்கிறேன்.) அந்த நாளின் கடைசி அப்பாயின்ட்மென்ட் அவருக்குத்தான். ஐம்பது நிமிட செஷன் மெல்ல மெல்ல ஒன்றே கால் மணி நேரமானது. ஒரு எவர்சில்வர் டப்பாவில் சீடையோ தட்டையோ கொண்டுவருவார். அடுத்த வாரம் டப்பாவைக் கழுவித் திருப்பித் தருவேன், அதில் மறுபடி ஏதாவது வரும். எனக்கு அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. பாவம், வயசானவர், பேச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது நாங்கள் நான்கு பேர் மாதம் ஒருமுறை கூடிப் பேச ஆரம்பித்திருந்தோம். ஒருநாள் வேறு எதையோ பேசும்போது இந்த அம்மாவைப் பற்றி ஒரு வரி சொன்னேன். கூட இருந்த சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர் ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தக் கூடுதல் நேரத்தை நோட்ஸ்ல எழுதியிருக்கியாம்மா?"

எழுதவில்லை. ஏழு மாதக் குறிப்புகளிலும் செஷன் ஐம்பது நிமிடத்தில் முடிந்ததாகத்தான் இருந்தது. பொய் எழுத வேண்டும் என்று நினைத்து எழுதியதல்ல. கை அப்படியே எழுதியிருக்கிறது. வீட்டுக்குப் போய் அந்தக் குறிப்புகளைத் தேதி வாரியாகப் புரட்டியபோதுதான் உறைத்தது: நேரம் நீள ஆரம்பித்தது என் அம்மா இறந்த இரண்டாவது மாதத்தில்.

அடுத்த செஷனில் அவரிடம், "நாம நேரம் தாண்டிப் பேசறோம், அது என் தப்பு, இனிமே சரியா முடிச்சுக்கலாம்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்க தனியா உக்காந்திருப்பீங்களேன்னுதான் மேடம் நானும் இருந்தேன்" என்றார். ஏழு மாதமாக ஃபீஸ் கட்டிவிட்டு அந்த அம்மா எனக்குத் துணை இருந்திருக்கிறார். அவருடைய துக்கம் அந்தக் கூடுதல் நேரத்தில் வாயே திறக்கவில்லை. அந்த ஒரு கேள்வியை அன்றைக்கு யாரும் கேட்காமல் இருந்திருந்தால் அந்த டப்பா எத்தனை வருடம் போய்வந்திருக்குமோ.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கேஸைப் பற்றி இன்னொருவரிடம் பேசுவது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆவது பிரிவில், சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தை அவருடைய உரிமையாகவும் நம்முடைய கடமையாகவும் சொல்கிறது. விதிவிலக்குகளும் அதிலேயே உண்டு: உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு நேரும் என்ற நிலை, நீதிமன்ற உத்தரவு போன்றவை. சிகிச்சை தருவதற்குத் தேவையான அளவுக்கு மற்ற மனநலப் பணியாளர்களிடம் தகவல் தரலாம் என்றும் இருக்கிறது. ஆனால் அந்த விலக்கு அவருக்குச் சிகிச்சை தருபவர்களுக்கானது. இருநூறு பேர் குழுவுக்கு அது பொருந்தாது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆகவே கலந்தாலோசனைக்கு இரண்டு காப்பு வேண்டும்: கிளையன்டின் சம்மதம், அடையாளம் நீக்கிப் பேசுவது.

சம்மதம் கேட்டால் பயந்துவிடுவார்களோ என்று நிறையப் பேர் தயங்குகிறார்கள். முதல் நாள் கையெழுத்து வாங்கும் தாளிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "உங்கள் பெயரும் ஊரும் வெளியே தெரியாதபடி, உங்களுக்கு உதவும் வழியைப் பற்றி சக ஆலோசகர்களிடம் நான் கலந்து பேசுவதுண்டு." அதை வாயாலும் சொல்லுங்கள். என்னிடம் வந்த ஒரு பஸ் கண்டக்டர் இதைக் கேட்டதும், "நல்லதுதானே மேடம், நாலு பேரு பார்த்தா தெளிவா இருக்கும்" என்றார். மறுத்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி நான் எங்கேயும் பேசுவதில்லை. அவர்கள் முன்னால் எனக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் பேசுவேன்.

அடையாளம் நீக்குவதில்தான் நம் ஊர்கள் நம்மைக் கவிழ்த்துவிடும். சென்னையில் பெயரை எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உங்கள் ஊரில் "கணவர் குவைத்தில், மாமியார் ரேஷன் கடைக்குப் பக்கத்தில், தம்பிக்கு அடுத்த மாதம் கல்யாணம்" என்றால் பெயரே தேவையில்லை. தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும், சாதியும் கல்யாணத் தேதியும் சேர்ந்தால் மண்டபமே தெரிந்துவிடும். ஆகவே விவரங்களைக் குறைத்தால் போதாது, மாற்றவும் வேண்டும். கல்யாணத்தைக் கிரகப்பிரவேசம் ஆக்குங்கள், தம்பியை அக்கா ஆக்குங்கள். "நெருங்கியவர் தூரத்தில் இருக்கிறார், வீட்டில் கூட்டம் இருந்தும் இவருக்குத் தன் ஆள் என்று யாரும் இல்லை" என்ற உள்ளடக்கம் மட்டும் மாறக் கூடாது. எழுத்தில் போடவே போடாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுப்பதற்கு ஒரு நொடி போதும்.

அந்தக் குழுவில் உங்களுக்குத் தனியாக அனுப்பியவர் செய்தது பெரிய தவறு. தெரிந்தவர் என்று பட்டால், "இது எனக்குத் தெரிந்த கேஸாக இருக்கலாம், நான் விலகிக்கொள்கிறேன்" என்று ஒதுங்குவதுதான் முறை. அந்த அதிர்ச்சியில் நீங்கள் வாயை மூடிக்கொண்டது எனக்குப் புரிகிறது. ஆனால் மோசமான கிணற்றில் ஒருமுறை தண்ணீர் இறைத்துவிட்டோம் என்பதற்காகத் தாகத்தோடு இருக்க வேண்டியதில்லை.

சக ஆலோசனை என்பதற்கு ஒரு பழைய, நல்ல முறை இருக்கிறது. 1950களில் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் மைக்கேல் பாலின்ட் என்ற ஹங்கேரியரான உளப்பகுப்பாய்வாளர் சாதாரணக் குடும்ப மருத்துவர்களைச் சிறு குழுவாகக் கூட்டி உட்கார வைத்தார். நோயைப் பற்றி அல்லாமல், "இந்த நோயாளியோடு எனக்கு என்ன ஆகிறது?" என்பதைப் பேச வைத்தார். அவர் மனைவி ஈனிடும் அதில் உடன் உழைத்தவர். இன்றும் பல நாடுகளில் பாலின்ட் குழுக்கள் கூடுகின்றன.

எங்கள் குழு அந்த வழியில்தான் நடக்கிறது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, மாலை நான்கு மணி, ஓர் ஓய்வு பெற்ற சோஷியல் வொர்க்கரின் வீட்டு மாடி. இப்போது ஆறு பேர். போன்கள் எல்லாம் கீழே சமையலறை அலமாரியில். ஒருவர் கேஸைச் சொல்வார், காகிதம் பார்க்காமல், பதினைந்து நிமிடம். எதை மறக்கிறார், எதை இரண்டு தரம் சொல்கிறார் என்பதே ஒரு தகவல். பிறகு அந்தக் கேஸ் என்ன ஏது என்று புரிந்துகொள்ளச் சில கேள்விகள். அதற்குப் பிறகு சொன்னவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவார். அரை மணி நேரம் மற்ற ஐந்து பேரும் அவர் அங்கே இல்லாததுபோலப் பேசுவோம். "அந்தக் கிளையன்டா நான் இருந்தா இந்த கவுன்சலர்கிட்ட எரிச்சல்தான் வரும்" என்பார் ஒருவர். "இல்ல, எனக்குப் பயமா இருக்கு, இவங்க என்னை விட்டுருவாங்களோன்னு" என்பார் இன்னொருவர். ஜன்னல் பக்கம் இருப்பவர் பதில் சொல்லக் கூடாது. அந்த அரை மணி நேரம் பதில் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். தன் தரப்பை நியாயப்படுத்த நாக்கு துடிக்கும். துடிக்கும் அந்த இடத்தில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

முடிவில் அவர் திரும்பி வந்து, வேண்டுமானால் ஏதாவது சொல்லலாம். யாரும் "இப்படிச் செய்" என்று தீர்ப்பு சொல்வதில்லை. கேஸின் பொறுப்பு கடைசி வரைக்கும் அவருடையதுதான். சூப்பர்விஷனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். சூப்பர்வைசர் நம்மைவிட அனுபவசாலி, நம் வேலைக்கு ஓரளவு பொறுப்பேற்பவர், நாம் அவருக்குக் கட்டணம் தருகிறோம். சக ஆலோசனையில் எல்லோரும் ஒரே படியில் நிற்பவர்கள். உங்களுக்கு இப்போது இரண்டும் வேண்டும். பிரிட்டனில் கவுன்சலர்களின் பெரிய அமைப்பான பி.ஏ.சி.பி., அங்கீகாரம் பெற்ற உறுப்பினர் எத்தனை வருட அனுபவசாலியானாலும் மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேர சூப்பர்விஷன் பெற வேண்டும் என்று வைத்திருக்கிறது. நம் ஊரிலோ படிப்பு முடிகிற அன்றைக்கு சூப்பர்விஷனும் முடிந்துவிடுகிறது. சர்டிஃபிகேட்டைக் கையில் கொடுத்து, இனி உன் பாடு என்று அனுப்பிவிடுகிறோம். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

குழுவிலும் ஆபத்து உண்டு. நல்ல நண்பர்கள் மட்டுமே சேர்ந்தால் அது அரட்டையாகிவிடும். "நீ சரியாத்தான் செஞ்சே, அந்தக் கிளையன்ட்தான் அப்படி" என்று ஆளாளுக்குத் தடவிக் கொடுத்துவிட்டு டீ குடித்துக் கலைந்துபோன குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் ஆரம்பத்திலேயே சிலவற்றைப் பேசி முடிவெடுத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவி, முதலாளி தொழிலாளி ஒரே குழுவில் வேண்டாம். கிளையன்ட் யாரென்று ஒருவருக்குப் புரிந்துவிட்டால் அவர் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போக வேண்டும். ஓர் உறுப்பினர் கிளையன்டைச் சுரண்டுகிறார் என்று தெரியவந்தால் குழு என்ன செய்யும் என்பதை, யாரும் அப்படிச் செய்யாத நாளிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது நடந்த பிறகு பேச உட்கார்ந்தால் நட்பு குறுக்கே நிற்கும். குழந்தையிடம் பாலியல் வன்முறை என்று தெரிந்தால் குழு கூடும்வரை காத்திருக்கக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆவது பிரிவின்படி தெரிந்தவர் எவரும் போலீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம்.

ஊரில் வேறு கவுன்சலர் இல்லை என்கிறீர்கள். இல்லாதது உங்களுக்கு ஒரு விதத்தில் வசதி. பக்கத்து இரண்டு மூன்று மாவட்டங்களில் ஆள் தேடுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் இருக்கும் சோஷியல் வொர்க்கர், சைக்காலஜிஸ்ட், ஒரு கல்லூரி கவுன்சலர், உங்களோடு படித்தவர்களில் ஒருவர். வீடியோவில் கூடினாலும் போதும். கதவு சாத்திய அறை, ஹெட்போன், பதிவு செய்வதில்லை என்ற உறுதி, இவை இருக்க வேண்டும். நான்கு பேர் கிடைத்தால் அதுவே நல்ல குழு.

உங்கள் கணவர் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். ஆனால் அவரிடம் கேஸைச் சொல்வதை நிறுத்திவிடுங்கள். அதே ஊரில், அதே கடைத்தெருவில் நடப்பவர் அவர். "இன்னைக்கு மனசு கனமா இருக்கு, கொஞ்ச நேரம் மொட்டை மாடிக்குப் போலாமா" என்று கேட்கலாம். ஏன் கனம் என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பெண். தாமஸ் குதைல், க்ளென் கப்பார்ட் என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1993இல் எல்லை தாண்டலையும் எல்லை மீறலையும் பிரித்துக் காட்டினார்கள். தாண்டல் எல்லாம் தீங்கு அல்ல. சில நேரம் உதவவும் செய்யும். கிளையன்டைச் சுரண்டுவதோ அவருக்குத் தீங்கு செய்வதோதான் மீறல். அவர் உங்களை அக்கா என்று கூப்பிடுவது தாண்டல்கூட இல்லை. நம் மொழியில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரையே அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். தீபாவளிக்கு நாலு அதிரசம் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், குறிப்பில் எழுதுங்கள். மனநல மருத்துவர் ஜே. எஸ். நேகி 1973இலேயே, குரு சீடர் உறவை நம் நாட்டுச் சிகிச்சை உறவுக்கு ஒரு முன்மாதிரியாக வைத்துப் பார்க்கலாம் என்று எழுதினார். சார்ந்திருப்பதையே நோயாகப் பார்க்கும் மேல்நாட்டுப் புத்தகத்தை அப்படியே எடுத்து நம் ஊர்ப் பெண்ணின் மேல் போர்த்தினால் அவர் அவமானப்பட்டுத்தான் போவார். அதற்காக எந்த எல்லையும் வேண்டாம் என்று ஆகிவிடாது.

உங்கள் இரவு பதில்கள் தாண்டலாகத் தொடங்கியவை. தொடங்கிய அன்று, சாகும் எண்ணத்தோடு இருந்தவருக்கு, அது தேவையாகக்கூட இருந்திருக்கலாம். இப்போது அது எதற்காக நடக்கிறது? ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு இரவு பதினோரு மணி என்றால் வளைகுடாவில் எட்டரை, ஒன்பதரை. வேலை முடிந்து கணவர் போன் செய்யும் நேரம். போன் வந்து வைத்த பிறகு மெசேஜ் வருகிறதா, போன் வராத நாளில் வருகிறதா? இரண்டும் வேறு வேறு கதை. நீங்கள் உடனுக்குடன் பதில் போட்டுவிடுவதால் இந்தக் கேள்வி செஷனுக்குள் வரவே இல்லை. பகலில், நாற்காலியில் உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேச வேண்டிய விஷயம் இரவில் சின்னச் சின்னத் துண்டாகச் செலவாகிக்கொண்டிருக்கிறது.

ஆனால் நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். ஒரு காலத்தில் சாக நினைத்தவரிடம் கதவைப் படாரென்று சாத்தக் கூடாது. மெசேஜில் சொல்லாதீர்கள், நேரில் சொல்லுங்கள், இரண்டு மூன்று செஷனாக எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள்; கேட்பதால் எண்ணம் விதைக்கப்படாது. இன்னும் அவரை ஒரு மனநல மருத்துவர் பார்க்கவில்லை என்றால் அதற்கு ஏற்பாடு செய்யுங்கள். பிறகு ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம்:

"ராத்திரி நீங்க அனுப்பறதுக்கு நானே பதில் போட்டுப் பழக்கிட்டேன். அது உங்க தப்பு இல்ல. ஆனா ஒருநாள் நான் தூங்கிட்டா, போன் சார்ஜ் இல்லாம போயிட்டா, உங்களுக்கு அந்த நேரம் யாருமே இல்லாம ஆயிடும். அந்த ராத்திரிக்கு உங்களுக்கு வேற வழி இருக்கணும். அதை இப்ப நாம சேர்ந்து எழுதலாமா?"

ஒரு தாளில் எழுதுங்கள்: மனசு மோசமாகும்போது முதலில் தெரியும் அறிகுறி, தானாகச் செய்துகொள்ளக்கூடிய ஒன்று, வீட்டிலோ வெளியிலோ கூப்பிடக்கூடிய ஒருவர், அதற்கும் மேல் போனால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் எண் அது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். தாளின் ஒரு பிரதி அவர் கைப்பையில் இருக்கட்டும். இரவு அனுப்பும் மெசேஜை மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் பார்ப்பேன், அதற்கான பதிலைச் செஷனில் பேசுவோம் என்று தேதி குறித்துத் தொடங்குங்கள். முதல் வாரம் மெசேஜ் கூடும். உங்களுக்கும் தூக்கம் கெடும். அந்த வாரத்துக்குத்தான் உங்களுக்கு ஒரு சக ஆலோசகர் கட்டாயம் வேண்டும்.

கல்யாணத்துக்குப் போகாதீர்கள். உங்கள் பக்கத்துக் கல்யாணம் எனக்கும் தெரியும். வாசலில் மேஜை போட்டு மொய் எழுதுவார்கள்: பெயர், ஊர், தொகை. "கவுன்சலிங் மேடம்" என்று எழுதிவிட்டார்கள் என்றால் அந்த நோட்டு அவர் அம்மா வீட்டு பீரோவில் பல வருடம் இருக்கும், ஒவ்வொரு விசேஷத்துக்கும் வெளியே வரும். சம்பந்தி வீட்டில் யாராவது மைக் சத்தத்துக்கு நடுவில், "அந்த நீலப் புடவை யாரு?" என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? கவுன்சலிங்குக்கு வருவதை வீட்டில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. தையல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வரும் பெண்கள் என்னிடமே இருந்திருக்கிறார்கள்.

பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டீர்கள் அல்லவா, அது சரிதான். அடுத்த செஷனில் அதை மேஜைமேல் வையுங்கள். அம்மா, தம்பி, சித்தி, பெரியம்மா என்று சொந்தம் மொத்தமும் நிறைந்திருக்கப் போகும் மண்டபத்தில் "எனக்குன்னு யாரு இருக்கா" என்கிறார். ஒரு வருடத்தில் அவர் சொன்னதிலேயே முக்கியமான வரி இதுவாக இருக்கலாம். போனால் அந்த வரிக்கு நீங்கள் பதிலாகிவிடுவீர்கள், அதோடு அது மூடிக்கொள்ளும். "நான் வர மாட்டேன். ஆனா அந்த மண்டபத்துல நீங்க எங்க நிப்பீங்க, யாரு பக்கத்துல நிப்பீங்கன்னு எனக்குச் சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கல்யாணம் முடிந்த மறுநாளே அவருக்கு ஓர் அப்பாயின்ட்மென்ட் எழுதி வையுங்கள்.

இந்த வாரமே இரண்டு மூன்று பேருக்கு போன் செய்து, முதல் கூட்டத்துக்குத் தேதி வாங்கிவிடுங்கள். அங்கே நீங்கள் அந்தப் பெண்ணின் கதையில் தொடங்க வேண்டாம். உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், ஃபீஸ் வாங்குவதை நிறுத்தியது பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது. அதற்குக் கீழே ஏதோ எழுதி, பேனாவால் அழுத்தி அழுத்தி அடித்திருக்கிறீர்கள். தாளின் பின்பக்கம்வரை தடம் விழுந்திருக்கிறது. நான் அதைப் படிக்க முயலவில்லை. அந்த வரியை அவர்களிடம் சொல்லுங்கள்.